அழுக்கு முட்டை அடைக்கு ஆகாது

(வல்லக்கோட்டையில் கோழி வளர்ப்போரும் தொழிற்சாலைப் பணியாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேவலைக் கொடியில் ஏற்றிய முருகன் குடியிருக்கும் ஊர் இது. இங்கே கோழியைப் பற்றிப் பேச அழைத்தது எனக்கு மகிழ்ச்சி. ஒரகடம் சாலையில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உருவாகி வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. அதே சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் ஏரிப் பாசன வயலும், வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டும் இன்னும் இருக்கின்றன. கம்பெனிச் சம்பளத்தோடு நாட்டுக்கோழி வருமானமும் சேரட்டும் என்று பொரிப்பான் வாங்கி வைத்திருப்பவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். சிறுவிடை, பெருவிடை, அசில் என்று முட்டை சேர்த்து, குஞ்சு பொரித்து, ஒரு நாள் குஞ்சாகவே விற்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. பொரிப்பகம் என்று நான் சொல்லும்போது உடுமலை, பல்லடம் பக்கத்தில் லட்சக்கணக்கில் முட்டை வைக்கும் ஹேச்சரியும் அதில் அடங்கும். தெர்மோகோல் பெட்டியில் பல்பு மாட்டி நூறு முட்டை வைப்பதும் அடங்கும். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. சுத்தமான முட்டையைக் கூட்டிலிருந்து எடுக்கலாம். அழுக்கான முட்டையை எடுத்து வந்து, கழுவியோ துடைத்தோ புகை போட்டோ சுத்தமான முட்டையாக்க முடியாது. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற நினைப்புதான் இந்தத் தொழிலில் குஞ்சைக் கொல்கிறது, பணத்தையும் கொல்கிறது.

நம் பாட்டிமார் அடை வைத்ததை நினைத்துப் பாருங்கள். கூடையில் உமியோ மணலோ பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டையை அடுக்கி, இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் உள்ளே போட்டு, கோழியை மேலே உட்கார வைப்பார்கள். இடிக்கும் கூமுட்டைக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கூடையில் ஒரு முட்டை அழுகினால், அந்த ஒரு கூடையோடு நஷ்டம் முடிந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பொரிப்பகம் அப்படியில்லை. பல பண்ணைகளின், பல வீடுகளின் முட்டைகள் ஒரே பெட்டிக்குள், ஒரே காற்றை மூச்சாக வாங்கிக்கொண்டு 21 நாள் இருக்கின்றன. ஒருவர் வீட்டு அழுக்கு எல்லோர் வீட்டுக் குஞ்சுக்கும் போய்ச் சேருகிறது.

நம் நாட்டில் கோழித் தொழில் பெருகியதே பொரிப்பகத்தைச் சுற்றித்தான். 1971-ல் டாக்டர் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். 1984-ல் உடுமலைப்பேட்டையில் இரண்டு சகோதரர்கள் சிறு பண்ணையாகச் சுகுணாவைத் தொடங்கினார்கள். குஞ்சை நாங்கள் தருகிறோம், தீவனமும் மருந்தும் நாங்கள் தருகிறோம், நீங்கள் வளர்த்துக் கொடுங்கள் என்ற ஒப்பந்த முறை கொங்கு நாட்டில் வேரூன்றி இந்தியா முழுக்கப் பரவியது. நாமக்கல் முட்டைக்கு, பல்லடம் கறிக்கோழிக்கு என்று ஆனது. இத்தனைக்கும் அடிப்படை, ஒரு நாள் குஞ்சைப் பெட்டியில் வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அனுப்ப முடிவதுதான். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்கு அதற்குச் சோறு. அந்த மஞ்சள் கருவில் கிருமி ஏறியிருந்தால் அதற்கும் அதுவே சோறு.

இனி முட்டைக்கு வருவோம். ஓடு பார்வைக்குக் கெட்டியாக இருக்கிறது. ஆனால் ஒரு கோழி முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 7,000 முதல் 17,000 நுண்துளைகள் இருக்கின்றன. உள்ளே வளரும் குஞ்சு பிராணவாயுவை எடுக்கவும், கரியமில வாயுவையும் ஈரத்தையும் வெளியே விடவும் அவை வேண்டும். ஒரு பாக்டீரியா நுழைவதற்கு அந்தத் துளை தாராளம். அதனால்தான் முட்டையிடும் முன் கோழியின் உடல் ஓட்டின் மேல் ஒரு மெல்லிய பூச்சைப் பூசி அனுப்புகிறது. புது முட்டையில் மாவு படிந்தாற்போல் மங்கலாகத் தெரிவது அந்தப் பூச்சு. அதற்கு உள்ளே ஓடு, ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வுகள், அதற்கும் உள்ளே வெள்ளைக் கரு. வெள்ளைக் கரு சும்மா இருக்கும் தண்ணீர் அல்ல. அதில் உள்ள லைசோசைம் சில பாக்டீரியாக்களின் சுவரை உடைக்கிறது. இன்னொரு புரதம் இரும்புச் சத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. முட்டையிட்ட சில நாட்களில் வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறி, பி.எச். அளவு 9-ஐத் தாண்டிவிடும். அதையும் பல கிருமிகளால் தாங்க முடியாது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் இதைவிட நல்ல பேக்கிங் செய்ததில்லை.

இத்தனை பாதுகாப்பையும் மீறி உள்ளே போக ஒரு நேரம் இருக்கிறது. அது முட்டை விழுந்த முதல் சில நிமிடங்கள். கோழியின் உடம்பில் இருந்து வரும்போது முட்டையின் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குறைந்த சூடு. முட்டை ஆற ஆற உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கும்போது துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அகன்ற முனையில் காற்றறை உருவாவது இப்படித்தான். அந்தச் சமயத்தில் மேற்பூச்சும் முழுக்க உலர்ந்திருக்காது. அப்போது முட்டை கிடக்கும் இடம் உலர்ந்த உமியாக இருந்தால் போவது காற்று மட்டும். ஈர எச்சமாக இருந்தால் காற்றோடு எச்சத்தின் கிருமியும் போகும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன மருந்து போட்டாலும் வெளியேதான் போடுகிறீர்கள், கிருமி உள்ளே உட்கார்ந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை பொரிப்பகத்தில் இல்லை, முட்டைக் கூட்டில் இருக்கிறது. கூட்டில் போடும் உமியோ வைக்கோலோ உலர்ந்து இருக்க வேண்டும். பூஞ்சை நெடி வந்தால் அன்றே அள்ளிக் கொட்ட வேண்டும். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை அப்படித்தான் முட்டையோடு பொரிப்பானுக்குள் வந்து, குஞ்சின் நுரையீரலில் இறங்குகிறது. வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்துச் சாகும் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். இரவில் கோழி கூட்டுக்குள் படுத்து எச்சமிடாதபடி கூட்டை அடைத்துவிடுங்கள். பெரும்பாலான முட்டைகள் காலையிலிருந்து நண்பகலுக்குள் விழுந்துவிடும். அந்த நேரத்தில் மூன்று நான்கு முறையாவது போய் எடுங்கள். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம் என்று தெரியும். வீட்டில் இருப்பவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். மாலையில் ஒரே முறை எடுப்பது என்றால் அடை முட்டை வியாபாரத்தை விட்டுவிட்டு, தின்னும் முட்டையாக விற்பது மேல். தரையில் விழுந்த முட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடைக்கு வைக்காதீர்கள்.

கத்திரி வெயிலைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. சூடு தாங்காமல் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி உடம்பை விட்டுப் போகிறது. ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதிலிருந்துதான் வர வேண்டும். அதனால் சித்திரை வைகாசி முட்டைக்கு ஓடு மெலிந்துவிடும், மயிரிழை விரிசல் கூடும். நிழல், குளிர்ந்த குடிநீர், காற்றோட்டம் ஆகிய மூன்றும் முட்டைச் சுகாதாரத்தில் சேர்ந்தவை.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். முட்டை வேர்ப்பது. அடை முட்டையை 15 முதல் 18 டிகிரியில் வைக்கச் சொல்கிறோம். கரு வளராமல் உறங்கிக் கிடக்க அந்தக் குளிர்ச்சி வேண்டும். ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மாவட்டங்களில் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண நாளில், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். 18 டிகிரியில் இருந்த முட்டையை வெளியே கொண்டு வந்து வைத்தால், ஐந்து நிமிடத்தில் அதன் மேல் முத்து முத்தாக நீர் பூக்கும். ஓட்டின் மேல் உலர்ந்து செயலற்றுக் கிடந்த கிருமிக்கு அந்த நீர் உயிர் கொடுக்கிறது, துளை வரைக்கும் கொண்டு போயும் விடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் இது இன்னும் மோசம்.

வீட்டு பிரிட்ஜின் கதவில் அடை முட்டையைச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். நான்கைந்து டிகிரி குளிரில் கருவும் பலவீனப்படும், வெளியே எடுத்ததும் முட்டை நனைந்தும் போகும். ஏசி அறை இல்லாதவர்கள், ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள், முட்டையில் ஈரம் படாமல், அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். குளிரறை வைத்திருப்பவர்கள் முட்டையை நேரே செட்டர் என்ற அடைப்பெட்டிக்குள் தள்ளாமல், மின்விசிறி ஓடும் அறையில் சில மணி நேரம் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். வேர்த்த முட்டைக்குப் புகை போடாதீர்கள். துடைக்கவும் செய்யாதீர்கள். தானாக உலரட்டும்.

துடைப்பது, கழுவுவது இரண்டைப் பற்றியும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது. ஈரத் துணியால் ஒரு முட்டையைத் துடைத்துவிட்டு அதே துணியால் அடுத்ததைத் துடைக்கிறோம். முதல் முட்டையின் எச்சத்தை எல்லா முட்டைக்கும் சமமாகப் பூசுகிறோம். உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்த் துளை திறந்துகொள்கிறது. வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளே இருப்பது சுருங்கி வெளி நீரைக் கிருமியோடு உறிஞ்சுகிறது. ஹெயின்ஸ், மோரன் என்ற இருவர் 1940-லேயே சோதனை செய்து காட்டியது இது. தொழில்முறையில் கழுவும் நாடுகளில், முட்டையின் சூட்டைவிடக் குறைந்தது 11 டிகிரி கூடுதல் சூடுள்ள நீரை, அதுவும் தேங்காமல் ஓடும் நீரை, கிருமிநாசினியோடு பயன்படுத்துகிறார்கள். உங்கள் வீட்டுப் பக்கெட்டில் அந்தக் கட்டுப்பாடு நடக்காது. லேசாக ஒட்டிய காய்ந்த தூசியை நகத்தாலோ காய்ந்த பிரஷாலோ தட்டிவிடுங்கள். அதற்கு மேல் அழுக்கு இருந்தால் அந்த முட்டையை ஒதுக்குங்கள்.

இனிப் புகை. ஹேச்சரி வேலை பார்த்தவர்களுக்குக் கண்ணெரிச்சலோடு நினைவிருக்கும் பார்மலின் புகை. 100 கன அடி இடத்துக்கு 20 கிராம் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் 40 மில்லி பார்மலினும் ஒரு மடங்கு என்று கணக்கு. அடை முட்டைக்கு மூன்று மடங்கு, 20 நிமிடம். அறை வெதுவெதுப்பாகவும் காற்று ஈரமாகவும் இருந்தால்தான் அது வேலை செய்யும். அகலமான, ஆழமான மண் அல்லது எனாமல் பாத்திரத்தில் பர்மாங்கனேட்டை முதலில் போட்டு, அதன் மேல்தான் பார்மலினை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடை வைத்து ஒரு நாள் ஆன பிறகு நான்கு நாள் முடியும் வரை புகை போடவே கூடாது. அந்தப் பருவத்தில் கரு தாங்காது.

சுத்தமான ஓட்டின் மேல் இந்தப் புகை மிக நன்றாக வேலை செய்கிறது. எச்சம் ஒட்டிய இடத்தில் எச்சத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. ஓட்டைத் தாண்டி உள்ளே போன கிருமியையும் தொடாது. தொடாததைத் தொட்டதாக நம்பி அடை வைக்கிறோம். இன்னொன்றும் உண்டு. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் உறுதியாக அறிவித்தது. பொரிப்பகங்களில் டிரே அடுக்குவது, குஞ்சு பிரிப்பது, அறை கழுவுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு அந்தப் புகைக்குள் நுழைய அவர்களை விடுவது குற்றம் என்றே சொல்வேன். தகுந்த முகக்கவசம், வெளியேற்றும் விசிறி, கதவைத் திறக்கும் முன் காத்திருப்பு, இவை இல்லாதவர் அந்தப் பொருளைக் கையில் எடுக்கக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மாற்றுகள் கிடைக்கின்றன.

முட்டை 18 நாள் செட்டரில் இருக்கிறது, சூடு 37.5 டிகிரியை ஒட்டி. கருவுக்கு எது இதமோ அதுவே ஈ-கோலைக்கும் சால்மோனெல்லாவுக்கும் சூடோமோனாஸுக்கும் இதம். உள்ளே கிருமி புகுந்த முட்டை அழுகி, வாயு சேர்ந்து, ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்தால் அந்த டிரேயில் உள்ள எல்லா முட்டை மேலும் அதன் சாறு தெறிக்கும். கையில் எடுக்கும்போது வெடித்த அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும், அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. ஓட்டில் நீர்த்துளி கசிந்து நின்றாலோ, முட்டைக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கேண்டலிங் விளக்கில் கறுத்துத் தெரிந்தாலோ, அந்த முட்டையை அசைக்காமல் எடுத்துக் கிருமிநாசினி உள்ள வாளியில் மெல்ல இறக்குங்கள்.

கடைசி மூன்று நாள் ஹேச்சர் என்ற பொரிக்கும் பெட்டியில். அபாயம் உச்சத்துக்குப் போவது அங்கேதான். குஞ்சு ஓட்டை உடைக்கிறது, ஈரம் வெளியேறுகிறது, உடம்பு உலர்ந்து இறகுத் தூசி பறக்கிறது, விசிறி அதைப் பெட்டி முழுக்கச் சுற்றிவிடுகிறது. 1990-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் சில முட்டைகளில் மட்டும் சால்மோனெல்லாவை இட்டு, நல்ல முட்டைகளோடு சேர்த்துப் பொரிக்க வைத்தார்கள். கிருமி இட்ட முட்டைகளும் பொரித்தன. கிருமி படாத முட்டையிலிருந்து வந்த பக்கத்துக் குஞ்சுகள் பெரும்பாலானவற்றிலும் கிருமி இருந்தது. குஞ்சு நன்றாகப் பொரித்து வந்துவிட்டது, ஆகவே சுத்தமாக இருக்கிறது என்று எண்ணுவது எவ்வளவு தவறு பாருங்கள்.

பிறந்த குஞ்சுக்கு ஏன் இந்தக் கதி? தாய்க்கோழியின் கீழே பொரித்த குஞ்சு முதல் நாளே தாயின் எச்சத்தைக் கொத்துகிறது. தாயின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அதன் குடலில் குடியேறி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பொரிப்பகத்துக் குஞ்சுக்குத் தாய் இல்லை. குடல் காலியாக இருக்கிறது. முதலில் வருவது யாரோ அவருக்கே இடம். ஒரு நாள் குஞ்சுக்கு ஐந்துக்கும் குறைவான சால்மோனெல்லா கிருமிகள் போதும் என்று 1952-ல் மில்னரும் ஷாஃபரும் காட்டினார்கள். பின்லாந்தில் நூர்மியும் ரந்தாலாவும் 1973-ல், வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்து சால்மோனெல்லாவைத் தடுக்க முடியும் என்று நிறுவினார்கள். தொப்புள் மூடாமல், வயிறு ஊதி, நாற்றமெடுத்து முதல் வாரத்தில் செத்துப் போகும் குஞ்சுகளின் கதையும் பெரும்பாலும் ஹேச்சரில் தொடங்குவதுதான். வாங்கிப் போனவர் தன் தீவனத்தையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

வெளியிலிருந்து நுழையும் கிருமியைப் பற்றியே இதுவரை சொன்னேன். தாயின் சினைப்பையிலிருந்தே முட்டைக்குள் வருவதும் உண்டு. புல்லோரம் என்ற வெள்ளைக் கழிச்சல் நோய் அப்படிப்பட்டது. அதன் கிருமியை 1899-ல் அமெரிக்காவில் லியோ ரெட்கர் கண்டறிந்தார். அந்த நாட்டில் 1918-ல் ஒரு நாள் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். பெரிய பொரிப்பகங்கள் பல பண்ணைகளின் முட்டையை ஒன்றாக வைத்துப் பொரித்து, ரயிலில் நாடெங்கும் அனுப்பின. குஞ்சோடு நோயும் ஊர் ஊராகப் போனது. கடைசியில் 1935-ல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் கொண்டு வந்து, தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளதைக் கழித்து, சோதித்த மந்தையின் முட்டையை மட்டும் பொரிப்பகத்துக்கு எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். அதன் பிறகுதான் நோய் அடங்கியது.

அந்தச் சோதனை எளிது. கோழியின் இறக்கை இரத்தக் குழாயிலிருந்து ஒரு துளி இரத்தம், நிறமேற்றிய ஆன்டிஜன் ஒரு துளி, ஒரு வெள்ளைத் தட்டு. கலந்து இரண்டு நிமிடத்துக்குள் திரிந்தால் நோய். பெரிய தாய்க்கோழிப் பண்ணைகளுக்கு இது தெரிந்த வேலை. சந்தையிலும் தெருவிலும் கிடைத்த இடத்திலெல்லாம் முட்டை சேர்த்துப் பொரிக்கும் நாட்டுக்கோழித் தொழிலில் இதை யாரும் கேட்பதே இல்லை. நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அது தவறு. 1927-ல் குமாவுன் மலையில் ராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது நம் கோழிகளைத்தான் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதற்குத் தடுப்பூசி செய்யும் ராணிப்பேட்டை நிலையம் 1932-லிருந்து இங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது.

தொழிற்சாலைத் தம்பிகளுக்கு ஒன்று எளிதில் புரியும். கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்புக்குள் உங்களை எப்படி விடுகிறார்கள்? தனி உடுப்பு, காற்றுக் குளியல், உள்ளே காற்றழுத்தம் கூடுதல், தூசி வெளியே தள்ளப்படுமே தவிர உள்ளே வராது. ஒரு தூசி பட்டால் கதவே வீண். நல்ல பொரிப்பகமும் அதே விதியில்தான் நடக்கிறது. முட்டை ஒரு வாசலில் வருகிறது. குஞ்சு மறுவாசலில் போகிறது. காற்று முட்டை அறையிலிருந்து ஹேச்சர் பக்கம் ஓட வேண்டும், திரும்பி வரக் கூடாது. குஞ்சு பிரித்த ஆள் அதே செருப்போடு முட்டை அறைக்குள் நுழையக் கூடாது. ஓட்டுக் குப்பையும் செத்த குஞ்சும் முட்டை வந்த வழியில் திரும்பக் கூடாது. இரண்டு அறை மட்டுமே உள்ளவர்களும் இதைச் செய்யலாம்: காலையில் முட்டை வேலை, அதன் பிறகே குஞ்சு வேலை, கடைசியில் குப்பை, பிறகு குளியல். கடையிலிருந்து திரும்பி வரும் பழைய அட்டை டிரேயை மட்டும் எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். அதைக் கழுவ முடியாது. எந்தெந்தப் பண்ணை எச்சம் அதில் ஊறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சுகாதாரம் செய்ய வேண்டிய வேலையை ஆன்டிபயாடிக்கிடம் ஒப்படைப்பது இந்தத் தொழிலின் பெரிய பாவம். கனடாவில் கியூபெக் மாநிலப் பொரிப்பகங்கள் தொப்புள் நோயைத் தடுக்க செஃப்டியோஃபர் என்ற மருந்தை முட்டைக்குள்ளேயே செலுத்தி வந்தன. அந்த மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா ஹைடல்பர்க் வகை, கடைக் கோழிக்கறியிலும் நோயாளிகளிடமும் பெருகியது. 2005-ல் பொரிப்பகங்கள் தாமாக முன்வந்து நிறுத்தின. கோழிக்கறியில் மருந்துக்கு அடங்காத கிருமியின் பங்கு 62 சதவீதத்திலிருந்து 7-க்கும், மனிதரிடம் 36-லிருந்து 8-க்கும் இறங்கியது. மருந்தை ஓரளவு திரும்பச் செலுத்தத் தொடங்கியபோது அந்தப் பங்கு மீண்டும் ஏறியது. பொரிப்பகத்தில் குத்தும் ஊசி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தையின் மருந்தைப் பறிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நம் நாட்டில் கொலிஸ்டினைக் கோழிக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் மருந்து அது. பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

தின்கிற முட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமையற்கூடத்துச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனதும், தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும், ஆலை சில வாரம் மூடியதும் உங்களுக்குத் தெரியும். முட்டையால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பெருங்கூட்டத்துக்குச் சமைக்கும் இடத்தில் ஒரு சின்ன அசிரத்தை எத்தனை பேரைப் படுக்க வைக்கும் என்பதற்காகச் சொன்னேன். கேண்டீன் நடத்துபவர்கள் விரிசல் முட்டையை விலை குறைவு என்று எடுக்கக் கூடாது. பொரிப்பானில் வைத்துக் கரு கூடவில்லை என்று கழித்த முட்டை, பேக்கரிக்கோ கேண்டீனுக்கோ எந்த விலைக்கும் போகக் கூடாது. வீட்டில், முட்டையைச் சமைக்கும் முன் கழுவுங்கள், கழுவிவிட்டு அடுக்கி வைக்காதீர்கள். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வையுங்கள்.

பொரிப்பான் வைத்திருப்பவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள். முட்டை கொண்டு வருபவர் உறவுக்காரரே ஆனாலும், அழுக்கு முட்டையை வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள்; மனத்தாங்கல் வரும், வரட்டும். ஒவ்வொரு முறையும் பொரிக்காமல் நின்ற முட்டைகளைக் குழியில் கொட்டும் முன் உடைத்துப் பாருங்கள்: கரு கூடாதது எத்தனை, முதல் வாரத்தில் செத்தது எத்தனை, அழுகியது எத்தனை, யார் வீட்டு முட்டை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அழுகியது கூடிக்கொண்டே போனால், அல்லது முதல் வாரத்தில் குஞ்சு சாகத் தொடங்கினால், மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். செத்த குஞ்சை அன்றே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, காட்டுப்பாக்கத்திலோ மாதவரம் பால்பண்ணையிலோ இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போங்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அவர்கள் சோதித்துச் சொல்வார்கள்.